கிளட்ச் போகட்டும், கூலியும் போக வேண்டுமா?

சென்ற மாதம் மூன்றாவது ஞாயிறன்று நம் சங்க அறையில் நடந்த கூட்டத்துக்கு வராத தோழர்கள் ஒரு நல்ல சண்டையைத் தவறவிட்டார்கள். ரேஷன் கார்டு விவகாரம் பேசி முடிந்தது. பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் தேடும் விவகாரமும் பேசி, வழக்கம்போல் முடியாமல் நின்றது. தேநீர் வரும் நேரத்தில் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "இனிமே லாரிக்கும் கியர் போட வேண்டாமாம். தெரியுமுங்களா?" என்றார். அவ்வளவுதான், தேநீர் ஆறிப் போயிற்று.

விஷயம் இதுதான். கலம்போலியில் ஒரு லாரி முதலாளி நான்கு புதிய டிரெய்லர் வண்டிகள் வாங்கியிருக்கிறார். பேச்சுவார்த்தை நடக்கிற நேரம், ஆகவே பெயர் வேண்டாம். அந்த வண்டிகளில் கிளட்ச் பெடல் இல்லை. கியரை வண்டியே மாற்றிக்கொள்கிறது. வண்டி வந்த மறுநாள் முதலாளி டிரைவர்களைக் கூப்பிட்டு மூன்று செய்தி சொன்னார். இது கார் மாதிரி, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஆகவே நடைக்குக் கொடுக்கிற பங்கு குறையும் என்பது முதல் செய்தி. 45 வயது தாண்டியவர்களுக்குப் புதிய வண்டி கிடையாது என்பது இரண்டாவது. பயிற்சி வேண்டுமானால் அவரவர் செலவில் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. வயதானவர்கள், "இந்த எந்திரம் நம் வயிற்றில் அடிக்க வந்தது, விடக்கூடாது" என்றார்கள். இளைஞர்களோ, "கியர் போடுவது ஒரு வித்தையா? காலம் மாறிவிட்டது பெரியப்பா" என்றார்கள். இரு தரப்பும் பாதி சரி, பாதி தவறு என்பது என் கருத்து. அன்று சத்தத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் லாரி ஓட்டுகிறவன் அல்ல. பத்தாம் வகுப்பு படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்த குமாஸ்தா. சரக்குக் கூடத்தில் ரேக் வந்து நின்றால், சிமெண்டும் இரும்பும் இறங்கி லாரியில் ஏறுகிறவரை கணக்கு எழுதுவது என் வேலை. ஆனால் என் தகப்பனார் சங்ககிரிப் பக்கத்து லாரி டிரைவர். சங்ககிரியிலிருந்து பம்பாய்க்கு லோடு அடித்து அடித்தே எங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தவர். அவர் ஓட்டிய பழைய வண்டியில் கியர் மாற்றுவது என்றால் ஒரு சடங்கு. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வர வேண்டும். கிளட்சை விட வேண்டும். கீழ் கியருக்குப் போவதானால் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்து இஞ்சினை வேகப்படுத்த வேண்டும். மறுபடி கிளட்சை மிதித்து ராடைத் தள்ள வேண்டும். இதைத்தான் டபுள் கிளட்ச் என்பார்கள். உள்ளே சுற்றும் இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தையும் ஒன்றாக்கிச் சேர்த்துவைக்கும் சிங்க்ரோமெஷ் என்ற ஏற்பாடு அந்த வண்டிகளில் இல்லை. அந்த வேலையை டிரைவரின் காதும் காலும்தான் செய்தன. கொஞ்சம் பிசகினால் கியர் பாக்ஸ் கத்துகிற கத்தலில் தெருவே திரும்பிப் பார்க்கும்.

அப்பா அதைப் படித்தது எந்தப் பள்ளியிலும் அல்ல. ஆறு வருஷம் கிளீனராக இருந்து, லாரிக்கு அடியில் படுத்து, மேட்டில் டயருக்குக் கட்டை போட்டு, ராத்திரியில் டிரைவருக்குத் தூக்கம் வராமல் பேச்சுக் கொடுத்துப் படித்தது. "மீட்டரைப் பார்க்காதே, இஞ்சின் சத்தத்தைக் கேள்" என்பது அவருக்கு அவருடைய குரு சொன்னது. அந்த வித்தையைச் சின்ன விஷயம் என்று சொல்கிற இளைஞர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் அதே அப்பாவுக்கு 58 வயதில் இடது முழங்காலை மடக்கித் தரையில் உட்கார முடியாமல் போனது. வீட்டில் எல்லோரும் பாயில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவருக்கு மட்டும் ஸ்டூல். அந்த ஸ்டூலைப் பார்த்தவன் நான். ஆகவே "எந்திரம் வேண்டாம், பழைய கிளட்சே இருக்கட்டும்" என்று என்னால் சொல்ல முடியாது.

இனி, இந்த எந்திரம் என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம். தானியங்கிக் கியர் இரண்டு வகை. ஒன்றில் இஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் தட்டுக்குப் பதிலாக எண்ணெய் இருக்கும். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான். இதை டார்க் கன்வெர்ட்டர் என்கிறார்கள். நின்று நின்று போகும் நகரப் பேருந்து, தீயணைப்பு வண்டி, குப்பை வண்டி ஆகியவற்றுக்கு இது தோது. அமெரிக்காவின் அல்லிசன் கம்பெனி இதற்குப் பெயர் போனது. நம் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலேயே அவர்களுக்குத் தொழிற்சாலை உண்டு.

நெடுஞ்சாலைப் பார லாரிக்கு வருவது பெரும்பாலும் இரண்டாவது வகை. அதன் பெயர் ஏ.எம்.டி. கையால் போடும் அதே கியர் பாக்ஸ்தான், கிளட்ச் தட்டும் உள்ளே இருக்கிறது. மிதிப்பதையும் ராடைத் தள்ளுவதையும் மட்டும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரின் உத்தரவுப்படி காற்றழுத்தமோ மோட்டாரோ செய்கிறது. வால்வோ கம்பெனி 12 கியருள்ள தன் ஐ-ஷிஃப்டை 2001இல் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் இன்று விற்கும் புதிய பார லாரிகளில் கிளட்ச் பெடலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வட அமெரிக்காவிலும் புதிய பெரிய லாரிகளில் பெரும்பான்மை இப்படியே ஆகிவிட்டது. நம் நாட்டில் நிலக்கரிச் சுரங்கங்களில் ஓடும் வால்வோ டிப்பர்களில் முதலில் வந்தது. இப்போது நம் நாட்டுக் கம்பெனிகளும் செய்கின்றன. மின்சார லாரி வந்தாலோ அதற்குக் கிளட்ச் பெடலே கிடையாது. எனவே இது வருமா வராதா என்று விவாதிப்பதில் பொழுதைப் போக்க வேண்டாம். வந்துகொண்டிருக்கிறது.

வருவதால் யாருக்கு லாபம்? டிரைவருக்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. நவ சேவா துறைமுக வாசல் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு லாரி நீளம் நகர்வோம், நிற்போம், மறுபடி நகர்வோம். நிமிடத்துக்கு இரண்டு தடவை கிளட்ச் மிதித்தால் நான்கு மணி நேரத்தில் 480 மிதி. புதிய வண்டிகளில் கிளட்சுக்குக் காற்றின் துணை உண்டு. பழைய வண்டியில் துணை ஏது? அத்தனையும் ஒரே கால். அந்தக் கால் ஓய்ந்திருந்தால் கண் சாலையில் இருக்கும், சாயங்காலம் மனிதன் மனிதனாக வீடு திரும்புவான்.

முதலாளியின் லாபம் அதைவிடப் பெரிது. நல்ல டிரைவருக்கும் சுமாரான டிரைவருக்கும் ஒரே வண்டியில் டீசல் கணக்கு வித்தியாசப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்திரம் அந்த வித்தியாசத்தைக் குறைத்துவிடுகிறது. கிளட்ச் தட்டு தேய்வது குறைகிறது. இவை கணக்கில் எழுதக்கூடிய லாபம். கணக்கில் எழுதாத லாபம் ஒன்று உண்டு. இருபது வருஷ அனுபவம் உள்ளவனுக்குப் பதில் இரண்டு மாதம் பழகியவனை உட்காரவைக்கலாம். அமெரிக்காவில் முதலாளிகள் இதை மறைக்கவில்லை. ஆள் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது, கிளட்ச் இல்லாவிட்டால் புதியவர்களைச் சீக்கிரம் பழக்கலாம் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். நம் கலம்போலி முதலாளியும் அதே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்.

"கார் மாதிரி, யாரும் ஓட்டலாம்" என்று அவர் சொன்னதே, அது சரிதானா? அவரை ஒரு நாள் லோடோடு போர்காட் மலைப்பாதையில், கண்டாலாவிலிருந்து கோபோலிக்கு இறங்கிக் காட்டச் சொல்ல வேண்டும். ஊருக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு தர்மபுரி தாண்டி வரும் தொப்பூர் இறக்கம் தெரியும். அங்கே கவிழ்ந்து கிடக்கும் லாரியைப் பார்க்காமல் திரும்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்? இறக்கத்தில் லாரியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும் அல்ல. கீழ் கியரில் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் காய்ந்து, பிடிமானம் போய்விடும். அதற்குமேல் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒன்றுதான்.

ஏ.எம்.டி. வண்டியானாலும் இந்த விதி மாறாது. மேலே நிற்கும்போதே, இறக்கம் தொடங்கும் முன்பே, கீழ் கியரைத் தேர்ந்து பிடித்துவைக்க வேண்டும் என்பதை டிரைவர்தான் அறிந்திருக்க வேண்டும். முன்னால் வளைவு இருக்கிறது, அதற்கப்பால் ஒரு சிமெண்ட் லாரி பழுதாகி நிற்கக்கூடும் என்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? மேட்டில் நிற்கும்போது பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்துநிற்கப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிளட்ச் உள்ளே வழுக்கிக் கருகும். இதையெல்லாம் சொல்லித்தர ஆள் வேண்டும். கை வேலை குறைந்தது உண்மை. தலை வேலையும் பொறுப்பும் அப்படியே இருக்கின்றன. விபத்து நடந்தால் வழக்கு டிரைவர்மேல்தானே பாயப்போகிறது, கம்ப்யூட்டர்மேலா?

இங்கே நம் ஆட்களையும் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் நம் டிரைவர்களிடம் இன்னும் இருக்கிறது. இது உயிரோடு விளையாட்டு. அதில் மிச்சம் என்ற கணக்கும் பிழை. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், இறக்கத்தின் வேகமே இஞ்சினைச் சுற்றும். இப்போதைய இஞ்சின்களில் அப்போது டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கும். ஆனால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். இத்தனை லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர், குறைந்தால் உன் பங்கில் பிடித்தம் என்று சொல்லிவைத்தது யார்? ராத்திரி முழுக்க விழித்து ஓட்டுகிறவன் பத்து ரூபாய் மிச்சத்துக்காக மலையில் நியூட்ரல் போடுகிறான் என்றால், அந்தக் கை அவனுடையது மட்டும் அல்ல.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் தானியங்கி லாரியில் பரீட்சை கொடுத்து லைசென்ஸ் வாங்கியவன், கையால் கியர் போடும் பார வண்டியை ஓட்டக்கூடாது என்று லைசென்சிலேயே குறிப்பு எழுதிவிடுவார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்ற பிரிவு மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே உண்டு. லாரிக்கு இல்லை. இதன் பொருள் என்ன? கிளட்ச் இல்லாத வண்டியில் மட்டும் பழகிய பையனை, நாளைக்கு ஆள் இல்லை என்று, ஒன்பது கியருள்ள பழைய டிரெய்லரில் முழு லோடோடு ஏற்றி மலைக்கு அனுப்பலாம். சட்டம் தடுக்காது. பையனும் மாட்டேன் என்று சொல்ல மாட்டான், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. ஓடுகிற லாரிகளில் கையால் கியர் போடுகிறவையே இன்னும் மிக அதிகம். ஆகவே பெரியவர்களிடம் அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளாமல் இந்தத் தொழிலுக்கு வராதீர்கள். பெரியவர்களும் கேலி செய்யாமல் கற்றுக்கொடுங்கள். கிளீனர் என்ற ஒருவனே வண்டியில் இல்லாமல் போகிற காலத்தில் வேறு பள்ளிக்கூடம் எது?

கூலிக்கு வருகிறேன். 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் சுமை அளவை உயர்த்தியது. மூன்று அச்சு லாரி வண்டியும் லோடும் சேர்ந்து 25 டன்னாக இருந்தது, 28.5 டன் ஆயிற்று. ஒரே நடையில் மூன்றரை டன் கூடுதல். அன்று எந்த முதலாளியாவது டிரைவரைக் கூப்பிட்டு, "தம்பி, லோடு கூடியிருக்கிறது, உன் பங்கையும் கூட்டுகிறேன்" என்று சொன்னதாக நம் சங்கத்தில் ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. வேலை கனத்தபோது கூலி கூடவில்லை. வேலை லேசானதும் கூலி குறைய வேண்டுமாம். இது எந்த ஊர்த் தராசு?

எங்கள் ரயில்வேயில் நடந்ததைச் சொல்கிறேன். நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட ஃபயர்மேன்கள் இருந்தார்கள். டீசல் எஞ்சின் வந்தது, கரி போயிற்று. கரி இல்லையே, ஆள் எதற்கு என்று கேட்பது யாருக்கும் எளிது. ஆனால் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவில்லை. ஃபயர்மேன் டீசல் அசிஸ்டெண்ட் ஆனார், இன்று அசிஸ்டெண்ட் லோகோ பைலட் என்று பெயர். சிக்னலைப் பார்க்க இரண்டு கண் போதாது, நான்கு வேண்டும் என்ற நியாயம் நின்றது. 1973 ஆகஸ்டில் லோகோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை என்ற வாக்குறுதியை வாங்கினார்கள். அது எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்தது என்பது தனிக் கதை, ஓடும் தொழிலாளர்களைக் கேட்டால் ஒரு இரவு முழுக்கச் சொல்வார்கள். எஞ்சின் மாறும்போதும் ஆளின் இடத்தையும் நேரத்தையும் பேசித் தீர்க்க முடியும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

லாரித் தொழிலாளிக்கும் நேரக் கணக்கு சட்டத்தில் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. அதைத் தன்னுள் அடக்கிக்கொண்ட 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. அதிலும் நாளைக்கு எட்டு மணிதான். கலம்போலியில் எட்டு மணி நேரத்தில் இறங்கி வீட்டுக்குப் போகும் டிரைவரை யாராவது காட்டினால் மாலை போடலாம். என் பயமெல்லாம் இதுதான். கால் வலிக்காது என்பதால் இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டு என்பார்கள். முழங்காலில் மிச்சம் பிடித்ததைக் கண்ணிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

கேட்டுப் பெறுவது நடக்காத காரியம் அல்ல. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. இருந்தே ஆக வேண்டும் என்று அரசே விதித்திருக்கிறது. டிரைவர் வெயிலில் வேகத்தான் வேண்டும் என்று எத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள்!

ஆகவே நாம் அந்த முதலாளிக்கு எழுதிய கடிதத்தில் "வண்டியைத் திருப்பி அனுப்பு" என்று கேட்கவில்லை. பழைய டிரைவர்களுக்கு முதலில் பயிற்சி, அதுவும் கம்பெனி செலவில், பயிற்சி நாட்களுக்குப் படியோடு. நடைப் பங்கில் ஒரு பைசா குறையக்கூடாது, டீசலில் வரும் மிச்சத்தில் டிரைவருக்கும் பங்கு. வயதைக் காட்டி யாரையும் இறக்கக்கூடாது, முழங்கால் தேய்ந்தவனுக்குத்தான் இந்த வண்டி முதலில் தேவை. இன்னொன்றும் சேர்த்தோம். புதிய வண்டி நம் ஒவ்வொரு பிரேக்கையும் கியரையும் எழுதிவைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கைக் காட்டிப் பிடித்தம் செய்வதானால், அதை டிரைவர் கையிலும் கொடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

கடிதம் கொடுத்த மறுநாள், அன்று கூட்டத்தில் எழுந்த அண்ணனின் மனைவி எங்கள் குடியிருப்புக்கு வந்திருந்தார். "இதனால இருக்கற வேலையும் போயிருமாங்க அண்ணா?" என்று கேட்டார். வாடகை, பெரிய மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்ட வேண்டிய தவணை, ஊரில் மாமியாரின் மருந்து, எல்லாம் அந்த ஒரு லாரியின்மேல் நிற்கின்றன. போகாது என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. 23 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், ஒருவரைத் தொட்டால் மற்றவர்கள் கேட்பார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அந்த அண்ணனுக்கு வயது 52. போன வாரம் ஷெட்டுக்குள்ளேயே புதிய வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க மேஸ்திரி அனுமதித்திருக்கிறார். கியர் மாறும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தன் இடது கால் தானாகத் தூக்கி வெறுந்தரையை மிதித்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். "முழங்காலுக்கு நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. கடுதாசிக்கு என்ன சொன்னாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

இதை எழுதும் வரை பதில் வரவில்லை. இன்னும் கையெழுத்துப் போடாத லாரித் தோழர்கள் வரும் ஞாயிறு மாலை சங்க அறைக்கு வரவும்.